ரிப்போர்ட்ல போல்டா இருக்கறதெல்லாம் நோயா? ரத்தம், யூரின் ரிசல்ட்டை எப்படிப் படிக்கறது

நீங்க கேட்டது இதுதான். அம்மாவுக்கு 61 வயசு, பல வருஷமா சுகர், மெட்ஃபார்மினும் டபாக்லிஃப்ளோசினும் எடுக்கறாங்க. ஃபுல் பாடி செக்கப் பேக்கேஜ் எடுத்தீங்க, ரிப்போர்ட்ல போல்டு எழுத்துல இத்தனை வந்திருக்கு: ஹீமோகுளோபின் 10.2, எம்சிவி 71, ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சுகர் சராசரி) 7.0, டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்) 6.2, ஈஎஸ்ஆர் (உடம்புல அழற்சி இருக்கான்னு பார்க்கற டெஸ்ட்) 38, யூரின்ல சுகர் மூணு ப்ளஸ், பஸ் செல்ஸ் (சீழ் செல்) 8-10. ஃபாஸ்டிங் 112, சாப்பிட்டப்புறம் 148. கிரியாட்டினின் 1.1, அது நார்மல்னு போட்டிருக்கு. கிட்னி போயிடுச்சான்னு வீடே பயந்து கிடக்கு, அதோட சிங்கப்பூர்ல இருக்கற அண்ணனுக்கு சுகர் வெறும் 6.1 தானே, அம்மாவுக்கு மட்டும் ஏன் 112ன்னும் கேட்டிருந்தீங்க.

நான் ஆஸ்பத்திரி லேப்ல பயோகெமிஸ்ட்ரி பக்கம் வேலை பார்க்கறவன். மாத்திரை மாத்தறது, நிறுத்தறதெல்லாம் அம்மாவைப் பார்க்கற டாக்டர் முடிவு பண்ண வேண்டியது. ஆனா இந்த நம்பருங்க என்ன சொல்லுது, என்ன சொல்லலைன்னு என்னால சொல்ல முடியும்.

முதல்ல உங்களை தூங்க விடாத விஷயம், யூரின்ல சுகர் மூணு ப்ளஸ். அது மாத்திரையோட வேலைங்க. சாதாரணமா ரத்தத்துல சுகர் சுமாரா 180 தாண்டினாத்தான் கிட்னியால முழுசா திருப்பி உறிஞ்ச முடியாம யூரின்ல வழியும். டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாதிரி மாத்திரைங்க அந்தத் திருப்பி உறிஞ்சற வேலையையே தடுத்து சுகரை யூரின் வழியா வெளிய தள்ளுது. அதனால அந்த மாத்திரை எடுக்கற யாருக்கு டெஸ்ட் பண்ணாலும் ரத்தத்துல சுகர் நல்லாவே இருந்தாக்கூட யூரின்ல மூணு ப்ளஸ் நாலு ப்ளஸ்னுதான் வரும், வரலைன்னாத்தான் மாத்திரை போடறாங்களான்னு கேக்கணும். கிட்னி போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்த மாத்திரை எடுக்கறவங்க கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு, கீட்டோன், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வர்ற அமிலம். வாந்தி, சாப்பிட முடியாத காய்ச்சல், நீண்ட விரதம், இந்த மாதிரி நேரத்துல ரத்த சுகர் ரொம்ப ஏறாமலேயே உடம்புல கீட்டோன் ஏறி ஆபத்தாகலாம். அந்த நாள்ல மாத்திரையை நிறுத்தணுமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, ஆபரேஷன் எதாவது இருந்தா சில நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, அதனால இந்த மாத்திரை எடுக்கறாங்கன்னு அங்க கண்டிப்பா சொல்லணும்.

இப்ப போல்டு விஷயத்துக்கு வரேன். போல்டுன்னா அந்த நம்பர் லேப் போட்ட ரேஞ்சுக்கு வெளிய இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். ரிப்போர்ட்ல பக்கத்துல போடற ரேஞ்சு எப்படி வருதுன்னா, ஆரோக்கியமா இருக்கற நிறைய பேருக்கு அதே டெஸ்ட்டைப் பண்ணி, நடுவுல வர்ற 95 சதவீதம் பேரோட நம்பரை மட்டும் எடுத்து, மேல ரெண்டரை கீழ ரெண்டரை சதவீதத்தை வெட்டி விட்டுடுவாங்க. அப்படின்னா நல்லா இருக்கற 20 பேர்ல ஒருத்தருக்கு எந்த நோயும் இல்லாமலேயே போல்டு வரும். ஒரே ஆளுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் பண்ணா, ஆள் முழு ஆரோக்கியமா இருந்தாலும் ஏதாவது ஒண்ணாவது வெளிய போக வாய்ப்பு 64 சதவீதம். எழுபது எண்பது டெஸ்ட் இருக்கற பேக்கேஜ்ல போல்டே இல்லாம வந்தாத்தான் அதிசயம். சுகர், கொலஸ்ட்ரால் மாதிரி சிலதுக்கு மட்டும் ரேஞ்சு இப்படி வர்றதில்ல, எந்த அளவுக்கு மேல போனா ஆபத்து கூடுதுன்னு பார்த்து வச்ச எல்லை அது.

இதோட மறுபக்கம்தான் எனக்கு முக்கியமா படுது. போல்டு இல்லாத நம்பர் எல்லாம் நல்ல நம்பர்னு அர்த்தம் இல்ல. உங்க அம்மா ரிப்போர்ட்ல நான் முதல்ல உக்காந்து பார்த்தது அந்த கிரியாட்டினின் 1.1ஐத்தான்.

கிரியாட்டினின் தசையில இருந்து வர்ற கழிவு. தசை ஜாஸ்தி இருக்கறவனுக்கு ஜாஸ்தி வரும், ஒல்லியான வயசானவங்களுக்கு கம்மியா வரும். அதனால ஒரே 1.1, ஆளைப் பொறுத்து அர்த்தம் மாறும். அதுக்காகத்தான் வயசையும் ஆணா பெண்ணான்னும் சேர்த்துக் கணக்குப் போட்டு இஜிஎஃப்ஆர்னு ஒண்ணு எடுக்கறோம், கிட்னி நிமிஷத்துக்கு எவ்ளோ வடிகட்டுதுங்கற மதிப்பீடு. 2021ல வந்த சிகேடி எபி ஃபார்முலால போட்டா 25 வயசு பையனுக்கு 1.1ன்னா சுமாரா 95 வரும், ரொம்ப நல்லது. அதே 1.1, 61 வயசு அம்மாவுக்கு சுமாரா 57தான் வருது. 60க்கு கீழ மூணு மாசத்துக்கு மேல நீடிச்சா அதை நாள்பட்ட கிட்னி பாதிப்புன்னு சொல்வாங்க. சில லேப் இஜிஎஃப்ஆர் போட்டுக் கொடுக்கும், சிலது கொடுக்காது, கொடுக்கலைன்னா ஃபோன்லயே கால்குலேட்டர் இருக்கு, போட்டுப் பாருங்க.

உடனே பயப்படாதீங்க. ஒரு தடவை எடுத்ததை வச்சு முடிவு கட்ட முடியாது, முந்தின நாள் தண்ணி சரியா குடிக்கலைன்னாலே கொஞ்சம் ஏறும், டபாக்லிஃப்ளோசின் ஆரம்பிச்ச புதுசுல கிரியாட்டினின் லேசா ஏறி அப்புறம் நிலைக்கும், அது எதிர்பார்த்ததுதான். நீண்ட நாள்ல அந்த மாத்திரை கிட்னியை காப்பாத்தற மாத்திரை, இதைப் படிச்சுட்டு யாரும் நிறுத்திடாதீங்க. செய்ய வேண்டியது ரெண்டு. பழைய ரிப்போர்ட்டுங்களைத் தேடி எடுங்க, ரெண்டு வருஷம் முன்னாடி 0.7 இருந்து இப்ப 1.1ன்னா ஒரு கதை, அப்பவும் 1.1தான்னா வேற கதை. ரெண்டாவது, யூரின்ல அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ, ஏசிஆர்னு கேட்டா எடுப்பாங்க. சாதாரண யூரின் டெஸ்ட்ல புரோட்டீன் நில்னு வந்தாலும் கொஞ்சமா கசியற அல்புமின்ங்கற புரோட்டீன், யூரின்ல முக்கிப் பார்க்கற அந்தப் பட்டையில தெரியாது. ஏசிஆர் 30க்கு கீழ இருந்தா நல்லது, 30ல இருந்து 300 வரைக்கும் ஆரம்பக் கசிவு, அதுக்கு மேல ஜாஸ்தி. சுகர் இருக்கற எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய டெஸ்ட் இது. ஆயிரக்கணக்குல காசு கொடுத்து எடுக்கற பல பேக்கேஜ்ல இது இருக்காது, அதுதான் எனக்கு ஆதங்கம்.

அப்புறம், முட்டி வலிக்கு கடையில வாங்கிப் போடற டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை ஏதாவது வீட்ல ஓடுதான்னு பாருங்க. கிட்னிக்கு ஆகாது. அதே மாத்திரை அடுத்து நான் சொல்லப் போற விஷயத்துக்கும் காரணமா இருக்கலாம்.

ஹீமோகுளோபின் 10.2. பெண்களுக்கு 12க்கு கீழ போனா ரத்தசோகை, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11 (நடு மூணு மாசத்துல 10.5), உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கற அளவு. ஆனா எந்த வகை ரத்தசோகைன்னு சொல்றது எம்சிவிதான், அதாவது ஒரு சிவப்பணுவோட சராசரி சைஸ். 80ல இருந்து 100 வரைக்கும் சரி, 71ன்னா அணு சின்னதா இருக்கு. நம்ம ஊர்ல சின்ன அணுன்னா பெரும்பாலும் ரெண்டு காரணம், இரும்புச்சத்து குறைபாடு இல்லேன்னா தலசீமியா ட்ரெயிட், அதாவது ஹீமோகுளோபின் உருவாகறதுல பிறவியிலேயே வர்ற ஒரு குறை. எம்சிவியை சிவப்பணு எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. அம்மாவுக்கு எண்ணிக்கை 4.5ன்னு போட்டிருக்கீங்க, 71ஐ 4.5ல வகுத்தா 15.8. 13க்கு மேல வந்தா இரும்புக் குறைபாட்டு பக்கம், கீழ வந்தா தலசீமியா ட்ரெயிட் பக்கம் சாயும். இது ஒரு குத்துமதிப்புதான், உறுதி பண்ண ஃபெரிட்டின் எடுக்கணும், 30க்கு கீழ வந்தா இரும்பு இருப்பு காலியாகுதுன்னு எடுத்துக்கலாம். காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும், அதனால நல்லா இருக்கற நாள்ல எடுங்க.

இங்க தயவு செஞ்சு நல்லா கவனிங்க. வயசுப் பொண்ணுக்கு இரும்புக் குறைபாடுன்னா மாதவிடாய்ல போற ரத்தம்தான் பெரும்பாலும் காரணமா இருக்கும். உங்க அம்மாவுக்கு அது நின்னு வருஷக்கணக்கு ஆச்சு. அப்ப இரும்பு எங்க போச்சு? சாப்பாட்டுல கம்மியா இருக்கலாம், ஆனா வயித்துல புண் (மேல சொன்ன முட்டி வலி மாத்திரையாலயும் வரும்), மூலம், குடல்ல ஏதாவது கட்டின்னு உள்ளுக்குள்ள சொட்டு சொட்டா ரத்தம் போயிட்டு இருக்கான்னு பார்க்காம விடவே கூடாது. பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் ஒரு டானிக்கும் வாங்கிக் கொடுத்து, ஹீமோகுளோபின் 11.5 ஆயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு விட்டுடறது நம்ம வீடுகள்ல சாதாரணமா நடக்குது. மாதவிடாய் நின்ன பெண்களுக்கும் எந்த வயசு ஆணுக்கும் இரும்புக் குறைபாடு உறுதியாச்சுன்னா, வயித்துக்குள்ளயும் பெருங்குடலுக்குள்ளயும் கேமரா விட்டுப் பார்க்கற எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி தேவையான்னு டாக்டர்கிட்ட நீங்களே வாயைத் திறந்து கேளுங்க. மலம் கருப்பா போகுதா, எடை குறையுதான்னு அம்மாகிட்டயும் கேளுங்க, கூச்சப்பட்டு சொல்லாம இருப்பாங்க. (இரும்பு மாத்திரை ஆரம்பிச்சப்புறம் மலம் கருப்பாகறது சாதாரணம், அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.) மெட்ஃபார்மின் பல வருஷம் எடுத்தா பி12 குறையலாம், பி12 குறைஞ்சா அணு பெருசாகும், இரும்பும் பி12வும் சேர்ந்து குறைஞ்சா ஒண்ணை ஒண்ணு மறைச்சு எம்சிவி நார்மலாக்கூட காட்டும். ஃபெரிட்டின் எடுக்கும்போதே பி12வும் எடுத்துடுங்க.

இந்த ரத்தசோகை இன்னும் ரெண்டு நம்பரைக் கெடுத்திருக்கு. ஈஎஸ்ஆர் 38 ஒண்ணு. ரத்தசோகை இருந்தாலே ஈஎஸ்ஆர் ஏறும், அதோட வயசுக்கும் ஏறும். பெண்களுக்கு வயசோட 10 கூட்டி ரெண்டால வகுத்தா வர்றது வரைக்கும் ஒத்துக்கலாம்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, அம்மாவுக்கு அது 35.5. லேப் எல்லா பெண்களுக்கும் 20ன்னு ஒரே ரேஞ்சு போட்டு போல்டு ஆக்கியிருக்கு. 38 அந்தக் கணக்கைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கு, ரத்தசோகையும் இருக்கு, அதை விட்டுடலாம்.

இன்னொண்ணு ஹெச்பிஏ1சி. சிவப்பணுவோட ஆயுசு சுமாரா 120 நாள், அத்தனை நாளும் அதுல சுகர் ஒட்டிக்கிட்டே இருக்கும், ஒட்டின அளவைப் பார்த்து கடந்த ரெண்டு மூணு மாச சராசரியைச் சொல்ற டெஸ்ட் இது. 7.0ன்னா சராசரி சுகர் 154ன்னு கணக்கு. ஆனா அம்மாவுக்கு ஃபாஸ்டிங் 112, சாப்பிட்டப்புறம் 148தான் இருக்கு, ரெண்டும் பொருந்தலை. ஒரு நாள் ரீடிங்கை வச்சு முடிவு பண்ணக்கூடாதுதான், மத்த நாள்ல ஏறியிருக்கலாம், ஆனா இரும்புக் குறைபாடு இருந்தா ஹெச்பிஏ1சி நிஜத்தை விட கொஞ்சம் ஏறிக் காட்டும்னு தெரிஞ்ச விஷயம். மறுபக்கம் ரத்தம் ஏத்திக்கிட்டவங்க, சமீபத்துல ரத்தம் போனவங்களுக்கு குறைச்சுக் காட்டும். அதனால இந்த 7.0ஐ மட்டும் பார்த்து மாத்திரை டோஸை ஏத்தறதுக்கு முன்னாடி, வீட்ல குளுக்கோமீட்டர்ல ஒரு வாரம் வேற வேற நேரத்துல பார்த்து எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க.

யூரின்ல பஸ் செல்ஸ் 8-10க்கு வரேன். அதே பக்கத்துல எபிதீலியல் செல்ஸ் 10-12ன்னு இருக்கறதைப் பாருங்க, அது தோல்ல இருந்தும் வெளிப்பகுதில இருந்தும் உதிர்ந்து கலந்த செல். அது இத்தனை இருந்தா சாம்பிள் சுத்தமா பிடிக்கலைன்னு அர்த்தம், பஸ் செல்லும் அங்கிருந்தே வந்திருக்கலாம். எரிச்சல், அடிக்கடி போறது, காய்ச்சல் எதுவும் இல்லாம வெறும் இந்த நம்பரைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் போட வேண்டியதில்ல. கிருமியை வளர்த்துப் பார்க்கற கல்ச்சர் டெஸ்ட்ல கிருமி வந்தாக்கூட தொந்தரவு இல்லைன்னா வயசானவங்களுக்கு பெரும்பாலும் வைத்தியம் தேவைப்படாது, கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது பொருந்தாது, அவங்களுக்கு கண்டிப்பா பார்க்கணும். எப்படிப் பிடிக்கணும்னா, தண்ணியால கழுவிட்டு முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதை லேப் கொடுக்கற டப்பாவுல பிடிக்கணும், ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்புக்குப் போகணும். காலையில பிடிச்சு ஸ்கூட்டி டிக்கியில வச்சு மத்தியானம் கொண்டு வந்து கொடுத்தா, வெயில்ல கிருமி பெருகி, செல் உடைஞ்சு, அந்த ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

யூரின்ல நான் லேசா விடாத ஒண்ணு ரத்தம். கல், இன்ஃபெக்‌ஷன், மாதவிடாய் நேரம்னு காரணம் பல இருக்கு, ஆனா வலியே இல்லாம ரத்தம் வந்தா, அதுவும் வயசானவங்களுக்கு, பீடி சிகரெட் பழக்கம் உள்ளவங்களுக்கு, யூரின் பையில கட்டி இருக்கான்னு பார்த்தே ஆகணும். ஒரு தடவை வந்து தானா நின்னுடுச்சுன்னு விடாதீங்க.

டிஎஸ்ஹெச் 6.2, தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 நார்மல். இது அவசரமே இல்ல. 10க்கு கீழ இருக்கற இந்த மாதிரி லேசான ஏற்றம் பல பேருக்கு தானா இறங்கிடும், வயசு ஏற ஏற கொஞ்சம் ஏறறதும் சகஜம். ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுத்து, தைராய்டு ஆன்டிபாடியும் பார்த்து முடிவு பண்ணலாம். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை எடுக்கறவங்க டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது நிறுத்தணும், பல மெஷின்ல அது டிஎஸ்ஹெச்சை பொய்யா குறைச்சுக் காட்டும். பின்னாடி தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சா அதையும் இரும்பு மாத்திரையையும் நாலு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுங்க.

கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் 128 இருக்கு, ரேஞ்சு 130ன்னு போட்டிருக்கறதால போல்டு ஆகலை. அந்த ரேஞ்சு பொதுவானவங்களுக்கு. சுகர் இருக்கறவங்களுக்கு 100க்கு கீழ, பல பேருக்கு 70க்கு கீழன்னு டாக்டருங்க வைப்பாங்க. அதைக் குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரை வேணுமான்னு கேளுங்க. எஸ்ஜிபிடி, பிலிருபின்னு லிவர் டெஸ்ட் எல்லாம் அம்மாவுக்கு சரியா இருக்கு, அதுக்குள்ள போகலை. வீட்ல வேற யாருக்காவது மத்த லிவர் டெஸ்ட் எல்லாம் நல்லா இருந்து இன்டைரக்ட் பிலிருபின் மட்டும் லேசா, 2க்குள்ள ஏறியிருந்தா, அது கில்பர்ட்னு ஒரு பிறவி சுபாவமா இருக்கலாம், பட்டினி கிடந்து டெஸ்ட் கொடுத்தாலே ஏறும், அதை மஞ்சக்காமாலைன்னு நினைச்சு பத்தியம் இருக்க வேண்டாம்.

நீங்க கேக்கலைன்னாலும் இதைச் சொல்லிடறேன், மழைக்காலத்துல வீட்டுக்கு வீடு ஓடற ரெண்டு டெஸ்ட். ஒண்ணு பிளேட்லெட். ஒன்றரை லட்சத்துக்கு கீழன்னதும் அலறுவாங்க. சில பேரோட ரத்தம் அந்த ஊதா மூடி ட்யூப்ல இருக்கற ஈடிடிஏ மருந்தோட சேர்ந்தா பிளேட்லெட் எல்லாம் கொத்து கொத்தா ஒட்டிக்கும், மெஷின் ஒரு கொத்தை எண்ணவே எண்ணாது, 40,000ன்னு அடிச்சுக் கொடுக்கும். ஆளுக்கு ஒண்ணும் இருக்காது. ஸ்லைடு போட்டு மைக்ரோஸ்கோப்ல பாருங்கன்னு லேப்ல கேளுங்க, நீல மூடி சிட்ரேட் ட்யூப்ல திரும்ப எடுத்தா நிஜ எண்ணிக்கை தெரியும். நிஜமான டெங்குல பிளேட்லெட்டை விட ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கறது, பிசிவின்னு போட்டிருக்கும், அது ஏறுதான்னு பார்க்கணும், ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியறதோட அடையாளம் அது. காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம் வர்ற ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆபத்தான நாள், காய்ச்சல் போயிடுச்சுன்னு நிம்மதியா இருக்கற நேரத்துல வயித்துவலி, விடாத வாந்தி, கை கால் ஜில்லுன்னு ஆச்சுன்னா ஓடிடணும். இன்னொண்ணு டைஃபாய்டுக்கு எடுக்கற வைடால். பழைய டைஃபாய்டு, தடுப்பூசி, வேற காய்ச்சல் எதுக்கு வேணா பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு வைடால் பாசிட்டிவை வச்சு டைஃபாய்டுன்னு முடிவு பண்ணக்கூடாது, ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுக்கற பிளட் கல்ச்சர்தான் நம்பத் தகுந்தது.

எது காத்திருக்கக் கூடாதுன்னா, பொட்டாசியம் 6க்கு மேல (சாம்பிள் உடைஞ்சு பொய்யா ஏறியிருக்கலாம், ஆனா அன்னிக்கே திரும்ப எடுத்துப் பார்த்துடணும்), சோடியம் 125க்கு கீழ, ஹீமோகுளோபின் 7க்கு கீழ, பிளேட்லெட் 20,000க்கு கீழ, சுகர் 54க்கு கீழ, இல்ல 400க்கு மேல போய் வாந்தி மயக்கம். இந்த மாதிரி வந்தா நல்ல லேப் ரிப்போர்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே ஃபோன் பண்ணும், அதனால பில் போடும்போது எடுக்கற நம்பரைக் கொடுங்க.

கடைசியா அண்ணனோட 6.1. சிங்கப்பூர்ல சுகரை மில்லிமோல் கணக்குல போடுவாங்க, இங்க மில்லிகிராம். அவங்க நம்பரை 18ஆல பெருக்கினா நம்ம நம்பர் வரும், 6.1ன்னா சுமாரா 110. மாத்திரை போடற அம்மாவோட 112க்கும் மாத்திரையே இல்லாத அவரோட 110க்கும் வித்தியாசமே இல்ல. அது ஃபாஸ்டிங்ல எடுத்ததுன்னா, சுகர் வர்றதுக்கு முந்தின கட்டத்துல, உலக சுகாதார நிறுவனம் போட்ட கோட்டு மேலயே நிக்கறார். ஃபாஸ்டிங் அந்த மில்லிமோல் கணக்குல 7.0 ஆனா அதுதான் சுகர். அம்மாவுக்கு இருக்கறதால அவருக்கு வர வாய்ப்பு ஜாஸ்தி, அவர் இந்த மாசமே ஹெச்பிஏ1சி எடுக்கட்டும், 5.7க்கு மேல இருந்தா இடுப்பையும் எடையையும் குறைக்கற வேலையை இப்பவே ஆரம்பிக்கச் சொல்லுங்க.